மாவு சிவக்கும் சூடு

முத்தியால்பேட்டையில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அவரைக் கடைத்தெருவில் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள். வேலை தெரியாத மெக்கானிக் என்பதால் இல்லை. என்ஜினைப் பிரித்துக் கட்டுவதில் அவருக்கு மிஞ்சி எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் வேலை முடிந்து வண்டி போய் இரண்டு நாள் கழித்து, செய்ததில் ஏதோ ஒரு சின்னக் குறை அவருக்கு ஞாபகம் வரும். வந்துவிட்டால் எந்த இடம், கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

ஒருமுறை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். மெக்கானிக் அவருடைய மோட்டார் சைக்கிளைத் தெருமுனையில் கை நீட்டி மறித்தார். "சார், உங்க கார்புரேட்டர்ல ஒரு வாஷர் பழசையே போட்டுட்டேன் சார். தப்பு என்னுது. எறங்குங்க" என்று சொல்லி, நடுத்தெருவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் பின்னால் ரிக்ஷாவில் உட்கார்ந்து நல்ல நேரம் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெக்கானிக்கின் மனைவி எங்கள் கடைக்கு ரொட்டி வாங்க வரும்போது சொல்லிச் சிரிப்பாள். நிச்சயதார்த்தத்தன்றே, தட்டு மாற்றுவதற்கு முன்னால், "எனக்குக் கொறட்டை பலமா வரும். பின்னாடி யாரும் சொல்லலன்னு சொல்லக் கூடாது" என்று சபையில் எழுந்து நின்று சொன்னவராம். "எங்கப்பா அதக் கேட்டுட்டுத்தான் பொண்ணே குடுத்தாரு. வேற ஒண்ணும் விசாரிக்கல" என்பாள்.

எங்கள் கடை ரொட்டிக் கடை. மாமனார் கட்டிய விறகு அடுப்பு. அவர் போன பிறகு, வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை என்பதால், அடுப்பு என் தலையில் விழுந்தது. மாவு பிசைய இரண்டு ஆள், விற்பதும் வேக வைப்பதும் நான். பிரெஞ்சுக்காரன் போய்விட்டாலும் அவன் ரொட்டிப் பழக்கம் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் முழ நீளத்துக்கு நீட்டு ரொட்டி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ரொட்டியெல்லாம் எடுத்தாகிவிட்டது. மெக்கானிக் ஒரு துணிமூட்டையோடு வந்து நின்றார்.

"அக்கா, அடுப்பு காலியா?"

"காலிதான். என்னாத்துக்குண்ணே?"

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்பது கடைசி வரைக்கும் தீரவில்லை. இரண்டு பேருக்குமே விட்டுக்கொடுக்க மனசில்லை.

மூட்டையைப் பிரித்தார். உள்ளே மோட்டார் சைக்கிள் என்ஜினின் மேல்பகுதி. ஹெட் என்றார். மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காகத் தகடுகள் வைத்த அலுமினியக் கட்டி.

"ரொட்டி வேகுற அடுப்புல இரும்ப வெக்கச் சொல்றீங்களா?"

"இரும்பு இல்லக்கா, அலுமினியம்."

ஏதோ அலுமினியம் என்றால் அடுப்புக்குப் பசியெடுக்கும் என்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முடியாது என்று சொல்வது கஷ்டம்.

விஷயம் இதுதான். அந்த ஹெட்டுக்குள் இரண்டு வால்வுகள் இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவை நேராக ஓடுவதற்கு ஆளுக்கொரு சின்னக் குழாய், விரல் நீளம், அலுமினியத்துக்குள் இறுக்கமாக அடித்து வைத்திருப்பார்கள். வால்வு கைடு என்பது அதன் பெயர். வருஷக்கணக்கில் ஓடினால் அந்தக் குழாய் உள்பக்கம் தேய்ந்துபோகும். வால்வு ஆட ஆரம்பிக்கும், ஆயில் அந்தச் சந்து வழியாக இறங்கி எரியும், வண்டி பின்னால் நீலமாகப் புகை விடும். என் மோதிரத்தைக் கழற்றி அவருடைய சுண்டு விரலில் மாட்டி ஆட்டிக் காட்டித்தான் இதை எனக்கு விளக்கினார். குழாயை மாற்ற வேண்டுமென்றால் ஹெட்டைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் விரிந்து பிடி தளரும், பழசைத் தட்டி எடுத்துவிடலாம். புதுக் குழாயை ஐஸில் போட்டு வைத்தால் அது சுருங்கும், சுருங்கினதைச் சூட்டில் விரிந்த ஓட்டையில் நாலு தட்டு தட்டினால் போய் உட்காரும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிலர் ஸ்டவ்வை ஏற்றி ஒரு பக்கமாகக் காய்ச்சுவார்கள், அதில் ஹெட் கோணிக்கொள்ளுமாம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு வேண்டும் என்றால் ரொட்டி அடுப்புதான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நெருப்பு என்னிடம், ஐஸ் வைத்திக்குப்பத்து மீன்காரர்களிடம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் சாக்கில் கட்டி வாங்கி வருவார்.

சூடு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்கு வழி சொன்னவள் நான். ரொட்டி வைப்பதற்கு முன்னால் அடுப்புத் தரையில் ஒரு சிட்டிகை மாவு தூவுவோம். உடனே கருகினால் சூடு ஜாஸ்தி, வெள்ளையாகவே கிடந்தால் பத்தாது. நிதானமாகச் சிவந்தால் வைக்கலாம். அவர் அதைப் பார்த்துவிட்டு ஹெட்டின் மேலேயே மாவு தூவ ஆரம்பித்தார். மாவு ரஸ்க் நிறத்துக்கு வந்ததும் சாக்கைப் பிடித்து வெளியே எடுப்பார். கொல்லையில் ஒரு மரக்கட்டை மேல் வைத்து வேலையை முடிப்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் காதிலேயே விழாது.

முதல் வாரமே ஒரு கூத்து. ஒரு ஹெட்டைச் சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டார் போல. சாயங்கால ரொட்டியில் லேசாக ஆயில் வாசனை. எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது, மூக்கை வைத்து முகர்ந்தால்தான் தெரியும். இவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தவர், கடை வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ரொட்டில ஆயில் வாசம் வரும். அக்கா மேல தப்பு இல்ல. தப்பு என்னுது." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் தினமும் வாங்குவார். ரொட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முக்கால்வாசி ரொட்டி மாட்டுக்குப் போனது.

"உங்கள யாருண்ணே சொல்லச் சொன்னது? வாயத் தெறக்காம இருந்திருந்தா வித்திருக்கும்."

"தின்னுட்டு ஒருத்தன் நாளைக்கு உங்களத் திட்டுவான் இல்லக்கா? செஞ்சது நானு."

அப்படிப்பட்டவரோடு சண்டை போடுவது எப்படி? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பளபளவென்று சோடா போட்டுக் கழுவிய ஹெட்டோடு வந்தார், முகர்ந்து பார்க்கச் சொல்லி என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாங்கி அடுப்பில் வைத்தேன்.

இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமையான கதை இல்லை.

வைத்திக்குப்பத்து மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் ரோட்டுக் கிராமங்களுக்கெல்லாம் மீன் கொண்டுபோவார். ஐஸ் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். அவர் வண்டியே கொசு மருந்து அடிக்கிற மாதிரி புகைவிட ஆரம்பித்தது. வால்வு கைடு. நம்மவர் ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மாவைத் தூவினார். "ஐஸ் எடுத்தாந்துடறேன். மாவு செவந்ததும் வெளில எடுத்து வெச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பார்த்து எனக்கு வரிக்கி பிஸ்கட் ஆர்டர். இரண்டு தட்டு அடுப்பு வாயில் வைத்தாக வேண்டும், ஹெட் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ரொட்டி தள்ளுகிற நீளத் துடுப்பை எடுத்து அதை உள்ளே தள்ளினேன். தள்ளின வேகத்தில் அது மூலையில் குவித்து வைத்திருந்த கங்குக்கே போய்விட்டது. வரிக்கித் தட்டுகளை வைத்தேன். கடைக்கு ஆள் வந்தார்கள், விற்றேன், பேசினேன், மறந்துவிட்டேன்.

வரிக்கியை எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஹெட்டை இழுத்து வெளியே போட்டேன். மேலே மாவு கரியாகக் கிடந்தது. துணியால் துடைத்துவிட்டுப் புதுசாகக் கொஞ்சம் தூவினேன். அதுவும் கருகியது. துடைத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி தூவினேன். மூன்றாவது தடவை மாவு அழகாகச் சிவந்தது. அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. உலோகம்தானே, ரொட்டியா கருகிப்போக என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நாலைந்து வருஷமாக என் அடுப்பை நம்பி வருகிறவரிடம், அடுப்பைப் பார்க்க மறந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் குனிந்து மாவைப் பார்த்தார். "பதமா இருக்கு" என்றார். கட்டையில் வைத்து வேலையைத் தொடங்கினார். புதுக் குழாய் இரண்டாவது தட்டிலேயே போய் உட்கார்ந்தது.

"என்னாக்கா இவ்ளோ சுளுவா போவுது?"

"ஐஸு நல்ல ஐஸாட்டம் இருக்குண்ணே."

இதை நான்தான் சொன்னேன்.

நான்காம் நாள் வண்டி ரெட்டியார்பாளையம் தாண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அளவுக்கு மீறிச் சூடு ஏறினதில் அலுமினியம் இளகிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. குழாய் இடம் பெயர்ந்து, வால்வு வளைந்து, ஹெட்டே உதவாமல் போய்விட்டது. இரண்டு கூடை வஞ்சிரமும் சங்கராவும் வெயிலில் அழுகின. மீன்காரர் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மெக்கானிக் கொட்டகை முன்னால் இறக்கினார். எங்கள் கடையிலிருந்து பத்து வீடு தள்ளித்தான் கொட்டகை. தெருவே கூடிவிட்டது. மீன்காரர் பேசின பேச்சை எழுத முடியாது. இவர் தலையைக் குனிந்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"தப்பு என்னுது. எனக்கு சூடு பாக்கத் தெரியாம போயிடுச்சு" என்றார்.

கையில் ரொட்டியோடு நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மீன்காரர் கடலூருக்குப் போய் வேறு ஹெட் போட்டுக்கொண்டார். இவரோ அதற்குப் பிறகு வால்வு கைடு வேலை என்று யார் வந்தாலும், "நான் அது செய்யறதில்லீங்க. எனக்குக் கை தவறிடுச்சு. கடலூர் போங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார். பஞ்சர், பிளக், பிரேக் இதோடு சரி. என்ஜின் பிரிக்கிற வேலையே நின்றது. எங்கள் அடுப்பு பத்து மணிக்குக் காலியாகவே கிடந்தது. என்னைப் பார்த்தால் முன்போலவே "நல்லா இருக்கீங்களாக்கா" என்பார். எனக்கு அது சவுக்கடியாக இருக்கும்.

மூன்று மாதம் போயிருக்கும். அவர் மனைவி ரொட்டி வாங்க வந்தாள். எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை.

"கிண்ணத்துல சுடுதண்ணி ஊத்திகினு வெரல வெச்சு வெச்சுப் பாக்குறாருக்கா. சூடு தெரிய மாட்டேங்குதுன்றாரு. டீ குடுத்தா, இது சூடா இருக்கா ஆறிடுச்சான்னு என்னியக் கேக்குறாரு. கையில ஏதோ நரம்பு செத்துப் போச்சாம். ஆஸ்பத்திரிக்குக் காட்டணுமாம்."

அவள் போனதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பிளக் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கி ஹெட்ட உள்ள தள்ளுனது நானு."

"எந்த ஹெட்டு?"

"மீன்காரருது."

எல்லாவற்றையும் சொன்னேன். வரிக்கித் தட்டு, துடுப்பு, கங்கு, கருகின மாவு, துடைத்தது, மறுபடி தூவினது, ஐஸைப் பற்றிச் சொன்னது வரைக்கும். அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தேய்ப்பது மட்டும் நின்றிருந்தது.

"கங்குகிட்ட எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"ரெண்டு தட்டு வரிக்கி வேகுற நேரம்."

மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப வெந்துதான் போயிருக்கும்." பிளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நான் வந்து பாத்தப்ப மாவு செவப்பாத்தான இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"நான் பாத்தது சரி."

"நீங்க பாத்தது சரிதாண்ணே. உங்க கைக்கி ஒண்ணும் ஆவல."

தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆயில் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஈஷிக்கொண்டது. திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"வாங்க, கெளம்புங்க" என்றார்.

"எங்கண்ணே?"

"வைத்திக்குப்பம். அவர்கிட்ட சொல்ல வேணாமா?"

"நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்களேண்ணே."

"நான் எப்புடிக்கா சொல்றது? அது என் தப்பு இல்லியே."

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் பின்னாலேயே நடந்தேன். மணலில் படகுகள் ஏறிக் கிடந்தன, பெண்கள் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்காரர் கூடை கழுவிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தார்.

தப்பு என்னுது என்று அவர் சொல்லி நூறு தடவை கேட்டிருப்பேன். சிரித்திருக்கிறேன், எரிச்சல்பட்டிருக்கிறேன். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். கூறு கட்டிய பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மீன்காரர் என்னையே பார்த்தார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, தெருவுல நிக்க வெச்சு அவ்ளோ பேசுனேனே. உன் தப்பு இல்லாததுக்கு ஏன்யா தல குனிஞ்சுகினு நின்ன?"

"அன்னிக்கி எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்பா."

அதற்குப் பிறகு என் முறை வந்தது. மீன்காரர் ஆரம்பித்தார், பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கருவாட்டுக்குக்கூட ஆகாமல் குழி தோண்டிப் புதைத்த மீனையெல்லாம் பேர் பேராகச் சொல்லித் திட்டினார்கள். நின்று கேட்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் திட்டத் திட்டக் குறைந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கொஞ்ச நேரம் பொறுத்து இவர் குறுக்கே வந்தார்.

"போதும்பா. அவங்கதான் சொல்லிட்டாங்க இல்ல."

அவ்வளவுதான். அவர் வரையில் விஷயம் முடிந்துபோயிற்று. சொல்லியாகிவிட்டால் அதற்கு மேல் ஒருவரைத் திட்ட யாருக்கும் உரிமையில்லை என்பது போல் சைக்கிளைத் திருப்பிவிட்டார். மீன்காரரும் அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார், கையில் மூட்டை. யாரோ ஒரு வாத்தியார் வண்டியின் ஹெட். இனிமேல் அடுப்பை விட்டு நகர மாட்டார், ஐஸுக்கு வேறு ஆளை அனுப்புவார் என்று நினைத்தேன். அதுதானே நியாயம்? ஹெட்டை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். டின்னில் கைவிட்டு மாவு எடுத்துத் தூவினார். சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வைத்திக்குப்பம் பக்கம் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவசரம் என்றார்கள். சொல்தா கைத்தடியைத் தரையில் தட்டினார். இருங்க என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்து அடுப்புக்கு எதிரில் போட்டு, மாவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன்.